அச்சமும் அதன் மருந்தும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புக என்று மலர்க் குழுவினர் பணித்தபோது யாம் பெரிதும் தயங்கினோம். ஆண்டு பல கழிந்தும் எம்மை மறவாது கேட்டனரே என்னும் மகிழ்ச்சி ஒருபுறம். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர், மருத்துவரும் பொறியியலாளரும் சட்டவறிஞரும் எழுதும் மலரில் எதனைப் புதிதாகக் கூறப்போகிறார் என்னும் கூச்சம் மற்றொருபுறம். இலக்கியக் கட்டுரை ஒன்று வரைவோம் எனத் தொடங்கி இருமுறை கிழித்தெறிந்தோம். மூன்றாம் முறை எழுதுகோலை எடுத்தபோது ஒரு திரைப்படமே நினைவில் வந்து நின்றது. விழா மலரில் திரைப்படத்துக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். யாம் எழுதப் புகுந்தது அப்படத்தைப் பற்றி மட்டுமன்று. எம் மாணவி ஒருத்தியைப் பற்றியும், எம்மிடத்து நேர்ந்த குற்றம் ஒன்றைப் பற்றியும் எழுதப் புகுந்தோம்.

அச்சம் என்பது யாதென யாம் முதன்முதல் நன்கறிந்தது இக்கல்லூரி விடுதியிலேதான். அப்பொழுது எமக்கு வயது பதினொன்று. தோட்டத்து லயத்தில் ஒரே காம்பராவில் எட்டுப்பேர் நெருங்கிப் படுத்துறங்கிய சிறுவனுக்கு, தனிக் கட்டிலும் அதனைச் சூழ்ந்த வெற்றிடமும் பெருந்துன்பமாயின. குளிக்குமிடத்துக்கு அப்பால் நின்ற புளியமரத்தைப் பற்றி மேல்வகுப்பு மாணவர் சொல்லிய கதைகளைப் பழைய மாணவர் பலரும் மறந்திரார். இரவில் வெளியே செல்ல அஞ்சிப் படுக்கையை நனைத்த நாள்களும் உண்டு. இன்று மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

விடுதிப் பொறுப்பாளராயிருந்த எம் தமிழாசான் இதனை அறிந்தார். அவர் கடிந்திலர்; பேயென ஒன்றில்லை என்று சொற்பொழிவும் ஆற்றிலர். முதல்நாள் இரவு எம்மை அழைத்துத் திண்ணையில் இருத்தி, ஒரு சுருள் கச்சானைக் கையில் தந்து, ஊர்க்கதை கேட்டார். மறுநாள் இருவரும் படிக்கட்டில் அமர்ந்தோம். மூன்றாம் நாள் கிணற்றடி. ஒரு கிழமை கழிந்தபின் புளியமரத்தடியிலேயே அமர்ந்து கச்சான் கொறித்தோம். அதற்கடுத்த நாள் அவர் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, “தம்பி, குடையை மரத்தடியில் மறந்து வந்துவிட்டேன், எடுத்து வா” என்றார். எடுத்து வந்தோம். குடையை அவர் மறந்து விட்டுவந்தாரல்லர் என்பது எமக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

பிற்காலத்திற் கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றபோது, உளவியற் பாடத்தில் அமெரிக்க நாட்டு மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைப் படித்தோம். ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் முயலைக் கண்டு அஞ்சினான். அம்மையார் அவன் விரும்பிய உணவை அவனுக்குக் கொடுத்து, அவன் உண்ணும் வேளையிற் கூட்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக அதனை அருகே நகர்த்தினார். ஈற்றில் அச்சிறுவன் முயலைத் தடவி விளையாடினான். படித்த மாத்திரத்தே எமக்குக் கச்சான் மணந்தது. எம் ஆசான் அந்நூலைக் கண்டிருப்பார் என்று யாம் கருதவில்லை. அச்சத்தை நோக்கித் துணையோடு நடத்தலே அச்சத்துக்கு மருந்து என்பதை அவர் வேறெங்கோ கற்றிருந்தார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இதனைக் கற்பிக்குந்தோறும் எம் வகுப்பில் ஒரு சிரிப்பொலி எழும். நான்கும் மாணவர்தம் லயத்து வாசலிலேயே நிற்பன அல்லவா? அணங்குக்குத் தோட்டத்திற் குறைவில்லை. தொழிற்சாலைச் சில்லுக்கு ரோதை முனி, கத்தி பிழைத்துக் காலில் விழாமற் காக்கக் கவ்வாத்துச் சாமி, மலைமுகட்டில் முனியாண்டி, ஓடைக்கரையில் மாடசாமி. விலங்குக்கும் குறைவில்லை. கொழுந்து மலையிற் சிறுத்தை குட்டியோடு படுத்திருக்கும். குளவிக்கூடு கலைந்தாற் பெண்கள் கூடையை எறிந்துவிட்டு ஓடுவர். ஓடமாட்டாதவர் மாண்டுபோதலும் உண்டு. சிறுத்தைக்கும் மனிதரிடத்து அஞ்சக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியிற் சுருக்குக் கம்பியிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை பின்னர் இறந்தமையை நாடறியும். கள்வரைப் பொறுத்தவரை, இருளில் லயத்தைத் தேடி வந்தோர் அனைவரும் பொருள் கவர மட்டும் வந்தவரல்லர் என்பதை 1983 யூலை மாதத்தைக் கண்ட முதியோர் கூறுவர். ‘தம் இறை’ என்பதற்கு விளக்கம் கேட்டபோது, கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “துரை, சார்” என்றான். அதனினும் நல்லுரை யாம் எங்கும் கண்டிலம். தொல்காப்பியர் சுட்டாத ஐந்தாவது அச்சமும் மலைநாட்டில் உண்டு. அது காலடி மண்ணைப் பற்றியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பின், அடைமழை இரவுகளில் உறங்காதிருப்போர் எம்மிடையே பலர்.

இத்தகைய நிலத்திலேதான் ‘சந்திரமுகி’ வந்து சேர்ந்தது. பி. வாசு இயக்கிய அப்படம் 2005 ஏப்பிரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டில் வெளியாயிற்று. அவ்வாண்டு யாம் அதனைக் கண்டது திரையரங்கில் அன்று. லயத்தில் ஒளித்தட்டுக் கருவி வைத்திருந்த ஒரேயொரு காம்பராவில், முப்பது பேருக்கிடையே குந்தியிருந்து கண்டோம். இடமின்றி இஸ்தோப்பிலும் பலர் நின்றனர். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடி விரலிடுக்கால் நோக்கினர். படம் முடிந்தபின் பக்கத்து லயத்தார் தனித்துச் செல்ல அஞ்சி, பந்தங் கொளுத்திக் கூட்டமாகச் சென்றனர்.

கதையை அறியாதார் அரியர்; ஆயினும் சுருங்கக் கூறுவோம். செந்தில்நாதன் என்பான் வேட்டையபுரத்துப் பழைய அரண்மனையை வாங்கி, மனைவி கங்காவோடு குடிபுகுகிறான். பூட்டிக் கிடந்த அறையொன்றைக் கங்கா திறப்பிக்கிறாள். அவ்வறை சந்திரமுகி என்னும் ஆடல்மகளோடு தொடர்புடையது. வேட்டையன் என்னும் மன்னன் அவள் காதலனைக் கொன்று, அவளையும் எரித்தான் என்பது கதை. அதன்பின் மனையில் அஞ்சத்தக்க நிகழ்ச்சிகள் பல நேர்கின்றன. வீட்டார் ஐயம் துர்க்கா என்னும் பெண்மேற் செல்கிறது. செந்திலின் நண்பரும் மனநோய் மருத்துவருமான சரவணன், நோயுற்றவள் கங்காவே எனக் காண்கிறார். கங்கா தன்னையறியாது சந்திரமுகியாகவே மாறிவிடுகிறாள். துர்க்காட்டமி நாளில் மருத்துவர் தாமே வேட்டையனாக நின்று, பழிவாங்கிவிட்டதாக அவளை நம்பவைத்து, அவளுள்ளே எரிந்த தீயை ஓர் உருவப் பொம்மையின்மேல் இறக்கிவிடுகிறார். ரஜினிகாந்த் மருத்துவராகவும், ஜோதிகா கங்காவாகவும், பிரபு கணவனாகவும் நடித்தனர்.

இக்கதையின் மூலம் மலையாளத்தில் உள்ளது. மது முட்டம் எழுத, பாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’ 1993ஆம் ஆண்டிற் வெளிவந்தது. அதிற் கங்காவாக நடித்த சோபனா இந்தியத் தேசிய விருது பெற்றார். பின்னர் இக்கதை கன்னடத்திலும் இந்தியிலும் வேறு மொழிகளிலும் சென்றது. மொழியாசிரியர் என்னும் முறையில் எம்மை வியப்பித்த செய்தி ஒன்றுண்டு. மலையாளப் படத்தில் அப்பேய் தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் நாட்டியக்காரி, தமிழ் பேசுவாள். தமிழ்ப் படத்திலோ அவள் தெலுங்கு பேசுகிறாள். இந்திப் படத்தில் வங்காளத்தாள். எந்நாட்டிற் சென்றாலும் பேய் அயலார் மொழியையே பேசுகின்றது! நமக்கு விளங்காத மொழியிற் பேசுவோரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம் என்பதோ, நம் உள்ளத்தின் அடியறையிற் கிடப்பது நமக்கே அயன்மொழியாகிவிட்டது என்பதோ இதன் பொருள்? இரண்டும் உண்மை என்றே எண்ணுகிறோம்.

இது வெறுங் கற்பனையுமன்று. வியன்னா நகரத்து மருத்துவர் யோசேப் புரோயர் 1880 முதல் 1882 வரை இளம்பெண் ஒருத்திக்கு மருத்துவம் செய்தார். நோய்வாய்ப்பட்ட தந்தைக்கு இரவுபகலாகப் பணிவிடை செய்தவள் அவள். நோய் முற்றிய காலத்தில் தன் தாய்மொழியாகிய செருமன் மொழியை மறந்து ஆங்கிலம் மட்டுமே பேசினாள். உள்ளத்தில் அடைபட்டுக் கிடந்தவற்றை எடுத்துரைக்குந்தோறும் நோய்க்குறிகள் தணிவதை அவளே கண்டு, அதற்குப் ‘பேச்சு மருத்துவம்’ என்று பெயருமிட்டாள். புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ‘அன்னா ஓ’ என்னும் மறைபெயரில் அவள் வரலாறு இடம்பெற்றது. உண்மையில் அவள் அத்துடன் நலமடைந்தாளல்லள். பின்னரும் மருத்துவ மனைகளில் இருந்தாள். எனினும் பெர்தா பாப்பன்ஹைம் என்னும் தன் இயற்பெயரோடு எழுந்து, ஏதிலிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொண்டாற்றி, 1904ஆம் ஆண்டிற் செருமனியில் யூதப் பெண்கள் சங்கத்தையும் நிறுவினாள். திரைப்படத்தில் நோய் ஓரிரவில் தீர்கின்றது. வாழ்க்கையில் அது மெல்லத் தணிகின்றது. சிலவேளை தணிந்தும் மீள்கின்றது. படம் காண்போர் இந்த ஒரு வேறுபாட்டையாவது மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி எம் மாணவியைப் பற்றிக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் டிக்கோயாப் பகுதியிலுள்ள எம் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பிற் கற்றவள் அவள். அமைதியானவள், கையெழுத்து முத்துக் கோத்தாற் போன்றது. ஒருநாள் நண்பகல், மேகம் இறங்கி வகுப்பறை இருண்ட வேளையில், அவள் திடீரெனச் சாய்ந்து விழுந்தாள். கண் செருகிற்று, கை முறுகிற்று. பின்னர் எழுந்தமர்ந்து, தன் குரலன்றி வேறொரு குரலில், “என்னய விடுங்க, நா வீட்டுக்குப் போகணும். எம்புள்ளைங்க காத்திருக்கும்” என்று அரற்றினாள். பல ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துக் குளத்தில் வீழ்ந்து மாண்ட பெண்ணொருத்தியே தான் எனவும் கூறினாள். பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடினர்.

அவ்வேளை ஆசிரியராகிய யாம் என் செய்தோம்? பின்வாங்கினோம். கதவு வரை பின்வாங்கினோம். உளவியற் பாடத்திற் சித்தியெய்திய சான்றிதழ் எம் வீட்டுச் சுவரிற் கண்ணாடிச் சட்டத்துள் தொங்கிக்கொண்டிருந்தது. பின்பு திருநீற்றை அள்ளி அவள் நெற்றியிற் பூசிவிட்டு, அவளுடைய அம்மாயியை அழைத்துவர ஆள் அனுப்பினோம். அம்மாயி வந்து, “சார், டவுனு மருந்தெல்லாம் வேணாம், மந்திரிச்சாப் போதும். நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா இவள?” என்றாள். ஆம் என்று தலையசைத்தோம். அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாய் வழங்கும் நாட்டில், அம்முதியவளின் அச்சத்தை யாம் குறை கூறல் இயலாது. எம் அச்சத்தை வேண்டுமாயிற் குறை கூறலாம்.

இரு கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. வெள்ளிதோறும் இரவில் லயத்துப் பக்கமிருந்து உடுக்கொலி எழுந்து எம் விடுதி வரை கேட்டது. வேப்பங்குழையால் அடித்தனர் என்றும், மிளகாய்ப் புகை இட்டனர் என்றும் மாணவர் வந்து கூறினர். யாம் செல்லவில்லை. வழிபாட்டு விடயத்தில் வாத்தியார் தலையிட்டாற் தோட்டத்தார் பகைப்பர் என்று எமக்கு யாமே காரணங் கற்பித்துக்கொண்டோம். மெய்க்காரணம் வேறு. அக்குரல் மறுபடியும் எம் காதில் விழுமோ என்று அஞ்சினோம். அவள் திரும்பி வந்த நாளில் ஏட்டைத் திருத்தக் கொடுத்தபோது, வலது உள்ளங்கையிற் கர்ப்பூரம் சுட்ட வடுவைக் கண்டோம். அப்பொழுதும் யாம் ஒன்றுங் கேட்டோமல்லோம். அந்த முத்துப்போன்ற எழுத்துக் கோணியிருந்தது. “எழுத்தைத் திருத்துக” என்று சிவப்பு மையில் எழுதினோம். இதுவே யாம் முன்னர்க் குறித்த குற்றம்.

அவ்வாண்டுத் தீபாவளியன்று தொலைக்காட்சியிற் ‘சந்திரமுகி’ மீண்டும் ஒளிபரப்பாயிற்று. எம் மகள், அப்பொழுது எட்டு வயதினள், எம் மடியிலிருந்து கண்டாள். படம் முடிந்தபின், “அப்பா, உங்க ஸ்கூல்ல ஒரு அக்காவுக்கும் இப்படித்தானே? அந்த அக்காவுக்கு யாரு டொக்டர்?” என்று வினவினாள். யாம் விடை கூறவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

மறுநாட் காலை அப்பகுதிக் குடும்பநல மருத்துவிச்சி அம்மையாரிடம் சென்றோம். ஆதார மருத்துவமனையில் மாதத்திற் குறித்த நாள்களில் மனநலச் சிகிச்சை நடைபெறும் என்றும், இப்பக்கத்தார் அங்குச் செல்வது அரிது என்றும் அவர் கூறினார். பின்னர் அம்மாயியிடம் பேசினோம். கடைசியாகப் பூசாரியாரிடம் சென்றோம். அவர் சினந்து எழுவார் என்றெண்ணி, சொல்லவேண்டியவற்றை வழிநெடுகப் பாடஞ்செய்துகொண்டு சென்றோம். அம்முதியவர் கேட்டு முடித்துச் சிறிதுநேரம் சும்மா இருந்தார். “நானும் வர்றேன் சார். மூணு வெள்ளி அடிச்சுப் பாத்தேன். அந்தப் புள்ள அழுகுறதப் பாத்து எனக்கே பயமாப் போச்சு” என்றார். இத்தனை நாள் ஒருவர்க்கொருவர் அஞ்சிக் கிடந்தோர் நாங்கள் இருவருமே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. திரைப்படத்திலும் மந்திரமறிந்த ஆசாரியார் மருத்துவருக்குத் துணைநிற்கும் காட்சி உண்டு. அது கதைக்காகச் செய்த இணக்கம் என்றே அதுவரை எண்ணியிருந்தோம்.

மருத்துவர் இளம் பெண்மணி, சிங்களவர், தமிழில் ஒருசில சொற்களே அறிந்தவர். மொழிபெயர்ப்பாளர் எவரும் அங்கில்லை. எனவே எமக்குத் தெரிந்த சிங்களத்தைக் கொண்டு யாமே இடைநின்றோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் மொழி கற்பித்த எமக்கு, மொழி எத்துணைப் பாரமானது என்பதை அவ்வொரு மணி நேரமே கற்பித்தது. “நெஞ்சு காந்துது” என்று அவள் கூறினாள். அதனை நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டாற் பிழை. “மேலுக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றாள். அதனை யாங்ஙனம் பெயர்ப்பது? மருத்துவர் விரையவில்லை. உறக்கம் எவ்வாறு, உணவு எவ்வாறு, வீட்டில் யார் யார் உள்ளனர், யார் யார் இல்லை என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார்.

தாய் எங்கே என்று கேட்டபோது அவள் தலைகுனிந்தாள். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாடொன்றுக்குச் சென்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மலைநாட்டில் அது புதிதன்று. எம் வகுப்புகளிலே தாயைத் தொலைபேசியில் மட்டும் அறிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். சென்ற நாளன்று என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்டார். நெடுநேரம் கழித்து அவள் சொன்னாள்: “சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாங்க. கேட்டதுக்கு, ரிப்பன் வாங்கியாறேன்னாங்க.”

இதனை யாம் உடனே மொழிபெயர்க்கவில்லை. நா எழவில்லை. அம்மருத்துவரும் எம் முகத்தை நோக்கிக் காத்திருந்தார். பின்னர் யாம் தட்டுத்தடுமாறிக் கூறியபோது அவர் எழுதுவதை நிறுத்தி, வகுப்பில் அவள் வேறு குரலிற் பேசியபோது என்னென்ன சொன்னாள் என்று கேட்டார். கூறினோம். கூறிக்கொண்டிருக்கும்போதே எமக்கு விளங்கிற்று. வீட்டுக்குப் போகவேண்டும், பிள்ளைகள் காத்திருக்கும் என்று அப்பேய் அழுதது. தன் தாய் எங்கோ இருந்து சொல்லவேண்டுமென அப்பிள்ளை ஏங்கிய சொற்களையே அவள் குளத்தில் மாண்டவளின் வாயில் வைத்துப் பேசினாள். வகுப்பறையிலிருந்த யாம் அச்சொற்களைக் கேட்டோம். குரலுக்கு அஞ்சிப் பொருளை விட்டோம். சொல்லும் பொருளும் கற்பிப்பதே எம் தொழில்!

மலையாள மூலக்கதையிலும் கங்காவின் நோய்க்கு வித்து இத்தகையதே என்பதைப் பின்னர் அறிந்தோம். பெற்றோர் கல்கத்தாவிலிருக்க, பாட்டியோடு ஊரில் வளர்ந்தவள் அவள். திடீரென அவர்கள் வந்து அவளைப் பாட்டியிடமிருந்து பிரித்துச் செல்ல முற்பட்டபோதே அவள் உள்ளம் முதன்முதல் நிலைகுலைந்தது. பூட்டிய அறையும் ஆடல்மகளும் அதற்குப் பிந்தியவை.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சங்க அகப்பாடல்களில் வெறியாட்டுப் பற்றிய செய்தி பலவிடத்தும் வரும். தலைவி மெலிகிறாள், அன்னை முருகன் அணங்கினான் எனக் கருதி வேலனை அழைக்கிறாள், கழங்கு உருட்டுகின்றனர், மறியறுத்துக் களத்தில் ஆடுகின்றனர். தலைவியோ தன் நோய் வேறென அறிந்தும் வாய்திறவாது நிற்கிறாள். அவ்வேளையில் தோழி அறத்தொடு நின்று உண்மையை வெளிப்படுத்துகிறாள். அந்தத் துறையை எத்தனையோ ஆண்டுகள் கற்பித்தோம், வினாக்களும் ஆக்கினோம், எட்டுப் புள்ளியும் இட்டோம். ஆயினும் களத்தில் ஒரு பிள்ளை வாய்திறவாது நின்றபோது, தோழியாய் நிற்கவேண்டியவர் யாமே என்பதை உணர்ந்திலோம். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் சொன்னதோடு அமையாது, பக்கத்திருந்து துணைசெய்வோரையும் ஒரு கூறாகக் கொண்டார். அந்நான்காம் இடம் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. முதற் சில கிழமைகள் உறக்கத்துக்கு மாத்திரை கொடுத்தனர். தாய்க்குச் செய்தி சொல்லப்பட்டது. ஞாயிறுதோறும் குறித்த நேரத்தில் அவள் தொலைபேசியில் அழைக்கலானாள். சந்தைக்கென்று பொய் கூறிச் சென்றமைக்காக முதல் ஞாயிறே மகளிடம் அழுதாள் என்று அம்மாயி கூறினாள். பூசாரியார் மஞ்சட்கயிறு ஒன்று கட்டினார். மருத்துவர் அதனை அவிழ்க்கச் சொல்லவில்லை. மறுபடியும் இருமுறை அவள் மயங்கி விழுந்தாள். அப்பொழுது பிள்ளைகள் ஓடவில்லை. யாமும் பின்வாங்காது பக்கத்தில் அமர்ந்து, அவள் பெயரைச் சொல்லி அழைத்தோம். உடன்படிக்கை முடிந்து தாய் வந்தபோது, மகள் இரண்டு நாள் அவளோடு பேசவேயில்லை. மூன்றாம் நாள் அவளருகிற் படுத்துறங்கினாள். இன்று அவள் வளர்ந்து, தோட்டத்துச் சிறுவர் நிலையமொன்றிற் குழந்தைகளைப் பேணும் பணி செய்கிறாள். பெயரும் இடமும் குறியாது எழுதுவதற்கு அவளே இசைவளித்தாள். “பயந்த புள்ளைங்க படிக்கட்டும் சார்” என்றாள்.

இதனைக் கொண்டு தெய்வ வழிபாட்டை யாம் பழிப்பதாக எவரும் கருதற்க. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு, 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம், ஆவேச நிலையை நோயாகக் கொள்ளும்போதே, ஒரு மக்கட் கூட்டத்தார் தம் சமய வழக்காக ஏற்றுக்கொண்டு ஆடுவதை நோயென்று கொள்ளாது விலக்குகின்றது. திருவிழாவிற் சாமி வந்து ஆடி, வாக்குச் சொல்லி, நீரருந்தி வீடு செல்பவர்க்கு மருத்துவர் வேண்டியதில்லை. விரும்பாமலே வந்து, வாழ்வைக் குலைத்து, துன்புறுத்துவதற்கே மருத்துவம் வேண்டும். அடியும் புகையும் சூடும் எந்நோய்க்கும் மருந்தல்ல.

‘சந்திரமுகி’ வெளியான அதே 2005ஆம் ஆண்டில், ஆழிப்பேரலை வந்து சென்ற மறு ஆண்டில், இலங்கை அரசு மனநலக் கொள்கை ஒன்றை ஏற்றது. தலைநகரை அடுத்த பெரு மருத்துவமனைகளையே நம்பியிராது, மாவட்டந்தோறும் மக்களுக்கு அண்மையிற் சிகிச்சை கிடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கொடையும் இன்று தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. அதன் தொலைபேசி எண் 1926. அவ்வெண்ணை எம் வகுப்பறைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்துள்ளோம். தினமும் பலகை துடைக்கும் மாணவர் அம்மூலையை மட்டும் துடைப்பதில்லை.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் மருத்துவர் பலர் உள்ளீர். மலைநாட்டு மருத்துவமனைகளில் ஒருசில ஆண்டாயினும் பணியாற்ற இயன்றோர் வருக என வேண்டுகிறோம். அங்கே மருந்துக்குள்ள தேவையிற் குறைந்ததன்று, நோயாளியின் மொழியைக் கேட்கும் செவிக்குள்ள தேவை. இன்று கற்கும் மாணவரே, சிங்களத்தையும் செவ்வனே கற்பீராக. தேர்வுக்காக மட்டும் கற்கவேண்டா. என்றேனும் ஒருநாள் ஒரு பிள்ளையின் துயரை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சிந்தாமற் கொண்டுசேர்க்கும் கடமை உங்கள்மேல் வரக்கூடும். ஆசிரியத் தோழரே, மாணவரின் கையெழுத்துக் கோணினாற் சிவப்பு மையை எடுக்குமுன் கையைப் பாருங்கள்.

புளியமரத்தடியிற் குடையை ‘மறந்து’ வைத்த எம் ஆசான் இன்றில்லை. அவர் பெயரை யாம் கூறாவிடினும் அக்காலத்து விடுதி மாணவர் அனைவரும் அறிவர். அவர் கற்பித்த இலக்கணத்திற் பெரும்பகுதி எமக்கு மறந்துபோயிற்று. அஞ்சுபவனோடு சேர்ந்து நடத்தல் வேண்டும் என்று அவர் காட்டிய பாடம் மட்டும், சற்றுக் காலந்தாழ்ந்தேனும், எமக்குக் கைகொடுத்தது. அத்தகைய ஆசான்மாரை நமக்களித்த கல்லூரி அன்னை, இவ்விழாப்போல் இன்னும் பல விழாக் கண்டு நீடு வாழ்க!